நெய்தவள் பெயர் எங்கே?

பெண் கலைஞர்களின் கண்காட்சிகள் பெருகிவிட்டன என்று மகிழ்வோரிடம் நாம் கேட்க ஒன்றுண்டு: தறியருகே இருக்கும் பெண் எப்போது கலைஞராவாள்?

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1922இல் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ், பெண் என்பதால் நெசவுக்கூடத்திற்குத் தள்ளப்பட்டார். அந்நெசவே 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாயிற்று. சணற்கயிற்றை முடிச்சிட்டுச் சிற்பம் சமைத்த மிருணாளினி முகர்ஜிக்கு, அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 2019இல் அந்நகரின் மெட் பிரூயரில் பெருங்கண்காட்சி நடந்தது. இழையும் கலையே என்பது நிறுவப்பட்டாயிற்று.

ஆரணியில் பட்டிழை பிரிப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். பலர் தறியிலும் அமர்கிறார்கள். அதை நாம் வீட்டு வேலையின் நீட்சியாகவே எண்ணுகிறோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊர்ப்பெயரைக் காக்கும், நெய்தவள் பெயரை அன்று. அருங்காட்சியகச் சேலையருகே ஊரும் நூற்றாண்டும் இருக்கும், கைக்குரியவள் இருக்கமாட்டாள்.

பலர் கூடிச் செய்ததில் எவர் பெயரை எழுதுவது என்பார்கள். திரைப்படமும் பலர் கூடிச் செய்வதுதான். அங்கே பெயர்ப்பட்டியல் ஓடவில்லையா? பழஞ்சேலைகளின் பெயர்கள் தொலைந்தன, போகட்டும். இன்று வாங்கும் சேலைக்கேனும் இழை பிரித்தவள் முதல் நெய்தவள் வரை பெயர் கேட்டு எழுதுக. அதுவரை இக்கண்காட்சிகள் ஓவியம் தீட்டும் பெண்ணுக்கு மட்டுமே திறந்த கதவுகள்.