முதலில் வாளியை எடுங்கள்

பொய்லர் பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், எந்தக் கம்பனி நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அடுத்ததாக எத்தனை கிலோவாட் என்று கேட்பார்கள். ஹரோவில் ஐந்து அறையும் மூன்று குளியலறையும் உள்ள வீட்டில், தாய் தகப்பனோடு ஏழு பேராக வாழும் தம்பி ஒருவர் அண்மையில் அழைத்தார். "நாப்பது கிலோவாட் கொம்பி போட்டால் மூண்டு ஷவருக்கும் காணும் எண்டு சொல்லுறாங்கள் அண்ணை, போடட்டோ?" போட வேண்டாம் என்றேன். ஒரு வாளியோடு குசினிக்குப் போகச் சொன்னேன்.

கொம்பி பொய்லர் சுடுதண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை. குழாயைத் திறந்த பிறகுதான், ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கும். குளிர்காலத்தில் இலண்டன் தெருக் குழாயால் வரும் தண்ணீர் 5 பாகை செல்சியஸ் வரை இறங்கிவிடும். குளிக்க 40 பாகை வேண்டும். அந்த 35 பாகையை ஏற்ற, 30 கிலோவாட் கொம்பியால் நிமிடத்துக்கு 12 லீற்றர் தண்ணீரைத்தான் சூடாக்க முடியும். 40 கிலோவாட் என்றாலும் 16 லீற்றர்தான். நல்ல ஷவர் ஒன்றுக்கே நிமிடத்துக்கு 10 லீற்றர் போகும். இரண்டாவது ஷவரைத் திறந்ததுமே இரண்டும் மெலியும். அது மட்டுமல்ல, சுடுதண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை கொம்பி றேடியேற்றர்களுக்குச் சூடு அனுப்பாது. ஏழு பேரும் குளித்து முடியும்வரை வீடு குளிரில் இருக்கும்.

நம் வீடுகளில் காலையில் குளிக்காமல் ஒருவரும் வெளிக்கிடுவதில்லை. பள்ளிக்கூடம், வேலை, பெரியவர்களின் சாமி கும்பிடு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நெருக்கும். தைப்பொங்கலோ சனவரி நடுவில் வருகிறது. வீட்டில் விருந்தினர், விடியுமுன் எல்லோரும் தலைமுழுக வேண்டும், நீண்ட கூந்தலை அலசப் பத்து நிமிடம் போதாது. தண்ணீர் மிகக் குளிர்ந்து கிடக்கும் காலத்தில்தான் நமக்கு அது மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. பொய்லர் அந்தக் காலைக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இனி வாளி. 10 லீற்றர் கோடு போட்ட வாளியைக் குசினியின் குளிர்தண்ணீர்க் குழாயின் கீழ் வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, கைபேசியில் நேரம் பாருங்கள். 30 செக்கனில் கோட்டைத் தொட்டால் நிமிடத்துக்கு 20 லீற்றர் வருகிறது. பிறகு மேல்மாடியில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு மறுபடி அளவுங்கள். எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். தெருவில் இருந்து வருவதே 12 லீற்றர் என்றால், எந்தப் பொய்லராலும் அதைப் பதினாறாக்க முடியாது. பழைய வீடுகள் பலவற்றில் தெருவில் இருந்து உள்ளே வரும் பைப் ஒடுக்கமானது. பொய்லருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை, அந்தப் பைப்பை 25 அல்லது 32 மில்லிமீற்றராக மாற்றச் செலவிடுவதே மேல்.

தண்ணீர் போதிய அளவு வந்தால், பெரிய வீட்டுக்கு ஏற்றது, சுடுதண்ணீரைச் சேர்த்து வைக்கும் அழுத்தச் சிலிண்டரும் அதைச் சூடாக்கும் சிஸ்டம் பொய்லரும்தான். 250 லீற்றர் சிலிண்டரில் 60 பாகையில் இருக்கும் தண்ணீரைக் குளிர்தண்ணீரோடு கலந்தால், 40 பாகையில் 400 லீற்றர் அளவுக்குக் கிடைக்கும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் குளிக்க 300 லீற்றர் போதும். தண்ணீர் முன்கூட்டியே சூடாகி நிற்பதால் பொய்லரும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. வீடு இழக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், பெரிய வீடுகள் பலவும் 20 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும்.

சிலிண்டருக்குச் செலவு கூட. ஒரு அலுமாரி அளவு இடம் போகும். ஆண்டுக்கொருமுறை பரிசோதிக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்கு இவையெல்லாம் தேவையில்லை, கொம்பி போதும். ஏழு பேர் இருக்கும் வீட்டில் அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது தகும். தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்க 60 பாகையில் வைப்பதால், முதியவர்களும் குழந்தைகளும் பயன்படுத்தும் குழாய்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வு கட்டாயம் இருக்கட்டும். காஸ் வேலைக்குக் காஸ் சேஃப் பதிவு வேண்டும். அழுத்தச் சிலிண்டர் பூட்ட ஜி3 தகுதி தனியாக வேண்டும். இரண்டு அட்டைகளையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும், பொய்லருக்குப் பதிலாகப் பூட்டும் வெப்பப் பம்புக்கான அரச மானியம் 2023 ஒக்டோபரில் 7,500 பவுணாக உயர்ந்தது. என்றாவது வெப்பப் பம்புக்கு மாறினால் பெரும்பாலும் சிலிண்டர் தேவைப்படும். ஆகவே தண்ணீரைச் சூடாக்கும் சுருள்குழாய் பெரிதாக உள்ள சிலிண்டரை இப்போதே கேட்டு வாங்குங்கள். சிறிய சுருள் வெப்பப் பம்புக்குப் போதாது.

விலை சொல்ல வருபவர், எத்தனை பேர், எத்தனை மணிக்குக் குளிக்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். தண்ணீரின் ஓட்டத்தை அளக்க வேண்டும். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். இவற்றைச் செய்யாமல் கிலோவாட்டைச் சொல்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, இன்னொருவரை அழையுங்கள்.