தேடப் போனவர்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலருகே நின்று கிழக்கே பார்க்கிறவர்களுக்குப் பல்லவர் காலத்துக் கப்பல்கள் நினைவுக்கு வரும். 1944-ஆம் வருஷத்தில் அந்த வானத்தில் பறந்த லிபரேட்டர் விமானங்களை நினைப்பவர் யார்?

அவ்வருஷம் மே மாதத்தில், பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 200-ஆம் பிரிவு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தது. பரங்கிமலை அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. லிபரேட்டர் என்பது நான்கு இயந்திரங்கள் பூண்ட கனத்த குண்டு விமானம். ஆனால், இப்பிரிவினருக்கு நகரங்களைத் தகர்க்கும் வேலை இல்லை. வங்கக் கடலில் கப்பல்களுக்குக் காவலாகப் பறப்பதும், ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடுவதுமே வேலை. பத்து மணி நேரத்துக்கு மேலும் நீரையே பார்த்துக்கொண்டு போகவேண்டும். பெரும்பாலும் ஒன்றும் கண்ணில் படாது. வாளை உருவினால்தான் வீரம் என்று கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது வீரமாகவே தோன்றாது.

ஒரு விஷயம் தெரிந்தால் தோன்றும். லிபரேட்டர் கடலில் இறங்க லாயக்கற்ற விமானம். குண்டுகள் வைக்கும் அடிவயிற்றுக் கதவுகள் மிக மெல்லியவை. அலை மோதினால் அவை நொறுங்கி, விமானமே பிளந்துவிடும். அதில் ஏறியவர்கள் இதை அறிந்தே ஏறினார்கள்.

1944 நவம்பரில் அப்பிரிவின் லிபரேட்டர் ஒன்று கடல்மேல் சென்று திரும்பவில்லை. அதைத் தேடப் புறப்பட்ட மற்றொன்று செங்கற்பட்டு ஜில்லாவில் வீழ்ந்தது. அதில் இருந்தவர்கள் மாண்டனர். முதல் விமானத்தில் போனவர்கள் வழக்கமான காவலுக்குப் போனார்கள். இரண்டாவதில் ஏறியவர்களுக்கோ, தோழர்கள் திரும்பவில்லை என்பது ஏறும்போதே தெரியும்.

அந்த யுத்தம் நம்மைக் கேட்டுத் தொடங்கியதல்ல. 1939-இல் வைஸ்ராய் லின்லித்கோ நம் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவை அதில் பிணைத்துவிட்டார். இந்த விமானங்கள் வீழ்ந்த சமயம் நேரு ஆமத்நகர்க் கோட்டையில் சிறைப்பட்டிருந்தார். ஆகவே, அவற்றின்மேல் தீட்டியிருந்த சின்னத்துக்கு வணக்கம் செலுத்த நமக்கு மனம் வராதுதான். ஆனால், காணாமற் போன தோழர்களைத் தேடிப் போனவர்களோடு நமக்கு என்ன வழக்கு?

அந்தப் போரில் ஆசியாவின் இப்பகுதியில் கடல் கொண்டுபோன விமானிகளின் பெயர்களைச் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தின் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். விமானச் சிறகு போன்ற கூரையின் கீழே, தரைப்படையினரையும் சேர்த்து 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். தென்னிந்தியாவில் பல ஊர்களில் புதைக்கப்பட்டிருந்த போர்வீரர்களைப் பிற்பாடு பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கத்துப் போர் மயானத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த 856 பேரின் கல்லறைகள் இருக்கின்றன. அப்பக்கம் போகும் நேயர்கள் கால்மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். கற்களில் பெயரோடு வயதும் பொறித்திருக்கிறது.