அபராதம் யார் கட்டுவது?

பையன் அடித்த பந்து அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பா முதுகில் இரண்டு வைப்பார். அம்மா அஞ்சறைப் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு போய், "மனசிலே வைச்சுக்காதீங்கோ, மாமி!" என்று கொடுத்துவிட்டு வருவாள். காரியம் முடிந்தது. பையன் மட்டும் அந்த மாமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கண்ணாடியோடு போனால் பாதகமில்லை. கோர்ட்டு வரை போய்விட்ட விஷயத்திலும் இதே வழக்கம் தொடர்ந்தால்?

கானடா தேசத்தில், ஒண்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்று ஒரு சிறிய ஊர். 1974-ம் வருஷம் அங்கே 18, 19 வயதுள்ள இரண்டு பையன்கள் ஓர் இரவு நன்றாகக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள், யாரோ ஒருவருடைய படகைக்கூட விட்டுவைக்கவில்லை. விடிந்து பார்த்தால் 22 இடங்களில் நாசம்! விரோதம் என்று யாரிடமும் கிடையாது. எல்லாம் வெறும் கொழுப்பு.

பையன்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி விசாரித்து எழுத வேண்டியவர் மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி. அவருக்கும் அவருடைய நண்பர் டேவ் வொர்த்துக்கும் ஒரு யோசனை தோன்றியது. 'இவர்கள் தாங்கள் பாழாக்கிய வீடுகளுக்கே நேரில் போய் நின்றால் என்ன?' நீதிபதி கார்டன் மெக்கானெல் முதலில் தயங்கினார். சட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேளையில், வழக்கை ஒரு மாதம் ஒத்திவைத்து, "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் மனத்தில் நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் இருவரும் கூடவே போனார்கள். ஆனால் பரிந்து பேசுவதற்காக அல்ல. கையில் நோட்டுப் புத்தகத்துடன் பின்னால் நிற்பதற்காக! கதவைத் தட்ட வேண்டியவர்கள் பையன்கள். "நாங்கள்தான் செய்தோம், உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்க வேண்டியவர்களும் அவர்களே. ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. ஊரை விட்டுப் போய்விட்ட இருவரைத் தவிர அத்தனை பேரையும் பார்த்தார்கள். இதைவிடச் சிறையில் ஒரு மூலையில் சுருண்டு படுத்திருப்பது எவ்வளவோ சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மொத்த நஷ்டம் 2,000 டாலருக்குச் சற்று அதிகம். ஏறக்குறையப் பாதியை இன்ஷ்யூரன்ஸ் கொடுத்துவிட்டது. மீதியில் தலைக்குச் சுமார் 550 டாலர். இதைத் தவிர 200 டாலர் அபராதம். நன்னடத்தைக் கண்காணிப்பு வேறு. சில மாதங்களில் பையன்கள் மறுபடியும் அதே கதவுகளைத் தட்டி, பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார்கள். இவர்களில் ஒருவர் பல வருஷங்களுக்குப் பிறகு, இந்தச் சம்பவத்திலிருந்து பிறந்த அமைப்பிலேயே தொண்டராகச் சேர்ந்தார்!

நஷ்டப்பட்டவர்களையும் மறந்துவிடக் கூடாது. காலையில் எழுந்து கார் டயர் கிழிந்திருப்பதைப் பார்க்கிற குடும்பத் தலைவிக்கு டயரா பெரிது? 'யாருக்கு நம்மிடம் இவ்வளவு கோபம்? திரும்பவும் வருவானோ?' என்ற பயம்தான் பெரிது. வாசலில் வந்து நிற்பவன் ஓர் அசட்டுப் பிள்ளை என்று கண்ட பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வரும். கோர்ட்டில் கட்டும் அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. இந்த நிம்மதியைக் கொடுப்பதில்லை.

நம் நாட்டில் 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிறையாதவர்களுக்கு உரியது. அதன் 18-வது பிரிவில் சிறுவனுக்குப் புத்திமதி சொல்லி அனுப்புவதிலிருந்து, சிறப்பு இல்லத்தில் மூன்று வருஷம் வரை வைப்பது வரையில் பல வழிகள் இருக்கின்றன. சமூக சேவை செய்யச் சொல்வது அவற்றில் ஒன்று. அபராதம் இன்னொன்று. அந்த அபராதத்தைச் சிறுவனும் கட்டலாம், பெற்றோரும் கட்டலாம் என்கிறது சட்டம். இங்கேதான் எனக்கு வருத்தம். பெற்றோர் கட்டலாம் என்றால் நம் வீடுகளில் யார் கட்டுவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

18 வயதைத் தாண்டியவர்களுக்கும் இப்போது ஒரு வழி உண்டு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதீய நியாய சங்கிதையின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல் தடவை தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். முதலில் திருப்பிக் கொடு, பிறகு உழை என்ற இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

"புனே விஷயத்தை மறந்துவிட்டீர்களா?" என்று சில சகோதரிகள் கேட்பார்கள். மறக்கவில்லை. 2024 மே மாதம் அங்கே 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அன்றைக்கே அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவதும், 15 நாள் போக்குவரத்துப் போலீசாருடன் பணி செய்வதும் நிபந்தனைகள். நாடே கொதித்தது. அது முடிவான தண்டனை அல்ல, ஜாமீன் நிபந்தனைதான் என்பது உண்மையே. ஆனாலும் ஜனங்கள் கோபித்ததில் தவறில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்களுக்கு அந்தக் கட்டுரையில் என்ன சம்பந்தம்? டயர் கிழித்ததற்கு ஏற்ற மருந்தை உயிர் போனதற்குக் கொடுக்க முடியாது. நஷ்டப்பட்டவர்கள் "அவன் முகத்திலேயே விழிக்க மாட்டேன்" என்றால் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

சேவை என்ற பெயரில் பையனை நடுத்தெருவில் நிறுத்திப் படம் பிடித்துப் போடுவதும் தகாது. அவனுடைய பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்று அதே சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவட்டும். அதை ஊர் பார்க்க வேண்டியதில்லை.

எந்தப் பையனுக்கு எது ஏற்றது என்று முடிவு செய்வது இளைஞர் நீதிக் குழு. அதில் ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்பது சட்டம். குழந்தைகளின் கல்வி, சுகாதாரம், நலன் இவற்றில் ஏழு வருஷமாவது ஈடுபட்டு உழைத்தவர்கள் இதற்குத் தகுதியுள்ளவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை உங்கள் ஜில்லாக் குழுவுக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்தால், பத்திரிகையை மடித்து வைத்துவிடாமல் ஒரு விண்ணப்பம் போடுங்கள்.