கஞ்சியும் பேரீச்சம்பழமும்



நோன்பு திறக்க அமர்ந்திருந்த வேளையில் மதரஸா மாணவர் ஒருவர் கேட்டார்: "உஸ்தாத், எல்லாவற்றையும் நம் நாட்டிலேயே செய்துகொண்டால் யாரிடமும் கையேந்த வேண்டாமே?"

இந்த ஆசை பழையது, நியாயமானதும்கூட. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்கு ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது இதே உணர்வினால்தான். 1960களில் அமெரிக்கக் கோதுமைக்காகத் துறைமுகத்தைப் பார்த்துக் காத்திருந்த தலைமுறைக்குக் கையேந்துவதன் கசப்பு தெரியும். நம் மாவட்டமும் அதை அறியும். செங்கல்பட்டு அருகே திருமணியில் சுமார் 100 ஏக்கரில் எழுப்பப்பட்ட தடுப்பூசி வளாகம், 2021இல் மக்கள் தடுப்பூசிக்காக வரிசையில் நின்றபோது, உற்பத்தியின்றிக் கிடந்தது.

ஆனால், ஆற்றலை வளர்ப்பது வேறு. கதவை அடைப்பது வேறு. பல்லாண்டுகள் இறக்குமதியை இறுக்கிப் பிடித்த நம் நாடு, 1991இல் அந்நியச் செலாவணி இன்றித் தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களும் வெளியிலிருந்து வாங்கப்பட்டவையே. மாமல்லபுரம் பல்லவர் காலத்துத் துறைமுகம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது இப்பகுதி நெசவாளரின் துணிக்காக. இந்தக் கரை வாழ்ந்தது கொடுத்தும் வாங்கியும்தான்.

மார்க்கமும் இதையே கற்பிக்கிறது. தன் கையால் உழைத்து உண்பதே சிறந்த உணவு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். குறைஷியரின் குளிர்கால, கோடைகால வணிகப் பயணங்களைத் திருக்குர்ஆன் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேமித்தார்கள். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைப் பூட்டிவைக்கவில்லை. கன்ஆனிலிருந்து வந்தவர்களுக்கும் அளந்து கொடுத்தார்கள். தன்னிறைவின் அழகு அங்கேதான் இருக்கிறது: பிறரிடம் கேட்காத நிலையில் அது தொடங்குகிறது, பிறருக்குக் கொடுக்கும் நிலையில் நிறைவடைகிறது.

ஆகவே பெற்றோர்களே, 'அந்நியப் பொருள்' என்ற வெறுப்பைப் பிள்ளைகளுக்கு ஊட்டாதீர்கள். ஒரு தொழிலைக் கற்றுக் கொடுங்கள். வளைகுடாவிலிருந்து வரும் பணம் நம் வீடுகள் பலவற்றில் அடுப்பெரிக்கிறது. அதில் ஒரு பங்கை இங்கே ஒரு பட்டறைக்கோ பயிற்சிக்கோ ஒதுக்குங்கள். கட்டிய ஆலைகள் ஏன் இயங்கவில்லை என்று ஆட்சியாளரிடம் கேளுங்கள்; அது குடிமக்களின் உரிமை.

அந்த மாணவரிடம் அவர் முன்னிருந்த தட்டைக் காட்டினேன். கஞ்சியின் அரிசி நம் வயலில் விளைந்தது. பேரீச்சம்பழம் கடல் கடந்து வந்தது. இரண்டையும் பிஸ்மி சொல்லியே உண்கிறோம்.

கொடுக்கும் கையாக நம் சமுதாயத்தையும் நாட்டையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.