மூன்றரை மீற்றர் என்றால் மூன்றரை மீற்றர்

புடவைக் கடையில் துணி வெட்டும்போது அளவு குறைந்தால், அந்தக் குறை கடையோடு நின்றுவிடுவதில்லை. அது தைப்பவரின் வீடு வரை வருகிறது. கடைசியில் கெட்டுப்போவது தையல்காரியின் பெயர்தான். இதை நமது சஞ்சிகையில் எழுத வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணமும் அதுவே.

எனது உம்மா வீட்டில் தையல் மெசின் வைத்துத் தைப்பவர். பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் துணிப் பைகள் குவிந்து கிடக்கும். சென்ற வருடம் ஒருவர் அபாயாவுக்கென்று மூன்றரை மீற்றர் துணி தந்தார். வெட்டிப் பார்த்தபோது கையின் நீளத்துக்குத் துணி போதவில்லை. "மூண்டரை மீற்றர் வாங்கித்தானே தந்தன் ராத்தா, மிச்சம் எங்க?" என்று அவர் கேட்டார். உம்மா துண்டுகளையெல்லாம் சேர்த்து வைத்து அளந்து காட்டினார். அவர் ஒன்றும் பேசாமல் போனார். பிறகு எங்கள் வீட்டுக்குத் துணி கொண்டு வரவே இல்லை. அன்றிலிருந்து உம்மா எந்தத் துணியையும் கொண்டு வந்தவருக்கு முன்னாலேயே விரித்து அளந்து, கொப்பியில் எழுதிய பின்னர்தான் வாங்கி வைக்கிறார். அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், சொன்ன அளவுக்குச் சரியாக இருந்த துணிகளும் உண்டு. நாலு விரல், ஒரு சாண் குறைந்தவையும் உண்டு.

குறைவதெல்லாம் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. பல குறைகள் கவனமின்மையால் வருகின்றன. முதலாவது, யார் கணக்கும் மீற்றர் கணக்கும் கலந்துவிடுவது. ஒரு யார், அதாவது கஜம், 36 அங்குலம், 91.44 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்கும் சற்றுக் கூட. மூன்றரை மீற்றர் கேட்டவருக்கு மூன்றரை யார் வெட்டிக் கொடுத்தால் கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர் குறையும். வயதானவர்கள் யாரில் கேட்பார்கள், பற்றுச்சீட்டு மீற்றரில் இருக்கும். இரண்டில் எது என்று யாரும் கேட்டுத் தெளிவதில்லை.

இரண்டாவது, சரிந்த வெட்டு. துணிச் சுருளின் முனை ஏற்கனவே சரிந்திருக்கும். ஒரு கரையை மட்டும் அளந்து, அதே சரிவில் வெட்டினால் இரண்டு கரைகளும் மூன்றரை மீற்றர்தான். ஆனால் நாம் கேட்டது செவ்வகம், கிடைத்தது இணைகரம். சரிவு 8 சென்ரிமீற்றர் என்றால், தைப்பவர் நேராக்கும்போது அந்த 8 சென்ரிமீற்றரும் வீண். சாதாரண பருத்தித் துணியில் ஒரு இழையை உருவி, அந்தக் கோட்டில் வெட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை. எங்கள் கிழக்கிலே மருதமுனையில் கைத்தறி நெய்பவர்கள் இழை எண்ணிப் பாவு ஓட்டுகிறார்கள். இழை எண்ணி நெய்ததைக் கண்மட்டத்தில் வெட்டுவது அந்த உழைப்புக்கும் மரியாதையில்லை.

மூன்றாவது, இழுத்து அளப்பது. ஜேர்சி போன்ற இழுபடும் துணியை அளவுகோலோடு இழுத்துப் பிடித்தால் கோலில் ஒரு மீற்றர் காட்டும். விட்டவுடன் சுருங்கிவிடும். மேசையில் தளர விரித்து அளப்பதுதான் முறை. அகலத்தையும் கேட்க வேண்டும். 60 அங்குல அகலத்துக்குப் போட்ட கணக்கு 45 அங்குலத் துணிக்குப் போதாது. அங்கே கடைக்காரர் மீது குற்றம் இல்லை.

"நாலு விரல் துணிக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். நாலு பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துத் துணி எடுக்கும் ஓர் உம்மாவுக்கு அந்த நாலு விரல் பெரிது. வசதியுள்ளவர் இன்னும் அரை மீற்றர் வாங்கிக்கொள்வார். அளந்து வாங்குபவருக்குத்தான் குறை உறைக்கும்.

இன்னும் சிலர், "திரும்ப அளக்கச் சொன்னால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார்களே" என்கிறார்கள். பெண் பிள்ளைகளாகிய நாம் இந்த வெட்கத்தினாலேயே வாய் திறப்பதில்லை. பெற்றோல் செட்டில் மீற்றர் பூச்சியத்தில் நிற்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். நகைக் கடையில் தராசைப் பார்க்கிறோம். அங்கே யாரும் கோபிப்பதில்லை. புடவைக் கடையில் மட்டும் ஏன் வெட்கம்?

நமது மார்க்கம் இந்த விடயத்தைச் சிறிதாக எடுக்கவில்லை. அல்குர்ஆனின் 83 ஆவது அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன், அளவில் குறைப்போரின் பெயராலேயே அமைந்திருக்கிறது. வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கிறது. இதில் வாங்குபவருக்கும் பாடம் உண்டு. ஹஜரிலிருந்து மக்காவுக்குத் துணி கொண்டுவந்து விற்ற ஸுவைத் இப்னு கைஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அவரிடம் காற்சட்டை வாங்கிய நபி (ஸல்) அவர்கள், கூலிக்கு நிறுப்பவரிடம், விலையை நிறுத்துச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கும்படி சொன்னார்கள். நாமோ, "சும்மா நாலு விரல் கூட்டி வெட்டுங்க காக்கா" என்று கேட்கிறோம். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் அப்படிக் கேட்டால் சுருளின் கடைசியில் நட்டம் யாருக்கு? முதலாளி ஏசுவது வெட்டிக் கொடுத்த பையனைத்தான். நீதியான அளவு என்றால் இரு பக்கத்துக்கும்தான்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. வியாபாரத்தில் பயன்படும் அளவுகோல்களைப் பரிசோதித்து முத்திரையிடுவதற்கென்றே அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் உண்டு. ஆனால், அந்த இலக்கத்துக்கு அழைக்க முன்னர் செய்யக்கூடியவை நம் கையிலேயே இருக்கின்றன.

தோழிகளே, அடுத்த முறை சீருடைத் துணி எடுக்கப் போகும்போது பையில் ஓர் அளவு நாடா கொண்டு போங்கள். யாரா மீற்றரா என்று முதலில் கேளுங்கள். அகலத்தைக் கேளுங்கள். வெட்ட முன்னர் முனையை நேராக்கச் சொல்லுங்கள். மேசையை விட்டு நகர முன்னர், "காக்கா, ஒருக்கா அளந்து பாப்பமா?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். சரியாக இருந்தால் நன்றி சொல்லுங்கள்; இரண்டு பேருக்கும் மனம் ஆறும்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் வாப்பாமாரில் புடவை வியாபாரம் செய்பவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடையின் ஒரு மூலையில், மீற்றரும் யாரும் குறித்த ஒரு மேசையை வாடிக்கையாளர் தாமே அளந்து பார்ப்பதற்காக வையுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. உங்கள் கடைத் துணி எங்கள் வீட்டு விறாந்தைக்கு வரும்போது, அதைத் தைக்கும் உம்மாமார் யாருக்கும் பதில் சொல்ல வேண்டி வராது.