அரிவாள் செல் ரத்தசோகை: பரிசோதனை மட்டும் போதுமா?

அரிவாள் செல் ரத்தசோகையில் பழுதாவது, பிறந்த பின் உருவாகும் ஹீமோகுளோபின். கருப்பருவ ஹீமோகுளோபின் உற்பத்தியை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவைத் தளர்த்தி, அதை மீண்டும் பெருகச் செய்வதே ‘காஸ்ஜெவி’ சிகிச்சை. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர்.

இந்தியாவில் இந்நோயின் சுமை பெரிதும் பழங்குடியினர் மீதே விழுகிறது. 2047-க்குள் இதை ஒழிக்கும் தேசிய இயக்கம், 7 கோடி பேரைப் பரிசோதிக்கும் இலக்குடன், 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்டது. எனினும், பரிசோதனை அட்டை வலியைத் தணிக்காது. கருப்பருவ ஹீமோகுளோபினை உயர்த்தும் ஹைட்ராக்ஸியூரியா, மரபணு சிகிச்சையைவிடப் பன்மடங்கு மலிவான மருந்து. அது பழங்குடியினர் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைப்பதே இவ்வியக்கத்தின் வெற்றிக்கு உண்மையான அளவுகோல்.