கதை இல்லையாம் 'கல்பனா'வில்!

நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா' (1948) படமே அல்ல, வெறும் நாட்டியத் தொகுப்பு என்று எழுதியிருக்கிறார் எங்கள் செஞ்சிக்காரர் ஒருவர். அதில் கதை கிடையாதாம். இருக்கும் ஆட்டமும் ஹாலிவுட்டைப் பார்த்து எடுத்ததாம். அதனால்தான் ஓடவில்லையாம். ஓடாத இந்திப் படத்தைத் தமிழன் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியோடு கட்டுரையை முடிக்கிறார். வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். செஞ்சியில் பிறந்தவர் எழுதியதால் விட முடியவில்லை.

முதலில் கதைக்கு வருவோம். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியில் இருப்பதைத் திரௌபதி அம்மனின் ஆதிக்கோயில் என்பார்கள். திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்கர் ஆல்ஃப் ஹில்டபீட்டல், 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியைச் சேர்த்தார். இந்த வட்டாரத்தில் திருவிழா வந்தால் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். 'கர்ண மோட்சம்' பார்க்க முன்வரிசையில் பாய் விரிக்கும் பாட்டிக்குக் கர்ணன் சாகப்போவது தெரியாதா? அவன் மேடைக்கு வருவதற்கே அரை மணி ஆகிறதே, அவள் எழுந்து போகிறாளா? திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி கேட்கும், திரை விலகும், பாடிக்கொண்டே கிறுகிறுவென்று சுற்றுவான் வேஷக்காரன். அந்தச் சுற்றில்தான் கர்ணன் யார் என்பதை அவள் தெரிந்துகொள்கிறாள். முடிவு தெரிந்த கதையை ஆட்டத்துக்காகவே ஆயிரம் முறை பார்த்த ஊர் இது. இங்கிருந்துகொண்டு, 'ஆட்டம் இருக்கிறது, கதை எங்கே' என்று ஒருவர் கேட்பது வெட்கக்கேடு.

அதைவிடப் பெரிய கொடுமை, 'கல்பனா'வில் கதை இருக்கிறது என்பது. எழுத்தாளன் ஒருவன் தன் கதையைத் தூக்கிக்கொண்டு படத் தயாரிப்பாளரிடம் போகிறான். அவன் சொல்லும் கதையில் உதயன் என்ற கலைஞன் இமயமலை அடிவாரத்தில் கலைக்கூடம் ஒன்றை எழுப்பப் பாடுபடுகிறான். அவனைச் சுற்றி உமா, காமினி என்று இரண்டு பெண்கள். பணத்துக்காகச் செல்வர்களிடமும் மகாராஜாக்களிடமும் கையேந்த வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தைப் படம் கிண்டல் செய்து தள்ளுகிறது. உதயனாக உதய் சங்கரும் உமாவாக அமலா சங்கரும் நடித்தார்கள். இது ஆகாயத்திலிருந்து விழுந்த கதையும் அல்ல. அல்மோராவில் உதய் சங்கர் நிஜமாகவே நடத்திய கலை மையம் 1944இல் மூடப்பட்டது. அது மூடிய கையோடு எடுத்த படம் 'கல்பனா'. இத்தனையும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை என்றால், பாட்டு வந்ததும் பீடி பிடிக்க வெளியே போகிறவராகத்தான் அவர் இருக்க வேண்டும்.

அவர் 'கோத்துவைத்த நாட்டியங்கள்' என்று ஒதுக்கியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: உழைப்பையும் இயந்திரத்தையும் பற்றிய நடனம். தொழிலாளிகளின் கைகால்கள் மெல்ல மெல்ல இயந்திரத்தின் உறுப்புகளாகின்றன. ஆள் எங்கே முடிகிறான், இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நிழலும் வெளிச்சமும் அடித்துக்கொள்கின்றன. உதய் சங்கர் மேடையில் முன்பே ஆடிக்காட்டிய பொருள்தான். ஆனால் மேடையில் பார்வையாளனுக்கு ஒரே நாற்காலி, ஒரே கோணம். சினிமாவில் கேமரா கீழே படுக்கிறது, சாய்கிறது, தசைக்குப் பக்கத்தில் போகிறது. முதலாளித்துவம் பற்றிப் பத்துப் பக்க வசனம் பேசவேண்டியதை ஒரு முதுகின் வளைவு பேசிவிடுகிறது. இதற்குச் சினிமா என்று பெயர் இல்லையென்றால் எதற்கு இருக்கிறது?

ஹாலிவுட் நகல் என்ற குற்றச்சாட்டுக்குக் காலண்டரே போதும். ஜீன் கெல்லியின் நீண்ட பாலே காட்சிக்காகப் போற்றப்படும் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' 1951இல் வந்தது. 'சிங்கிங் இன் தி ரெயின்' 1952. இரண்டும் 'கல்பனா'வுக்குப் பிந்தியவை. பஸ்பி பெர்க்லி 1930களிலேயே பெண்களை வரிசையாக நிறுத்தி மேலிருந்து கோலம்போலப் படம்பிடித்தார், உண்மைதான். அங்கே உடல் ஒரு புள்ளி. இங்கே உடல் உழைக்கிறது, பசிக்கிறது, எதிர்த்து நிற்கிறது. இந்த வித்தியாசம் தெரியாதவர் நகல் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

ஓடவில்லை என்பது உண்மை. அதனால் என்ன? வசனமே இல்லாமல் மூன்று கதைகளை நடனத்தால் மட்டுமே சொன்ன 'இன்விடேஷன் டு தி டான்ஸ்' படத்தை ஜீன் கெல்லி 1956இல் வெளியிட்டார். புகழின் உச்சியில் இருந்த அவருக்கும் கையைச் சுட்டது. நம் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனும் 1714இல் ஆற்காட்டு நவாபின் படையிடம் தோற்றுத்தான் செத்தான். ஜெயித்தவரைவிடத் தோற்றவனைத்தானே நம் ஊர் பாட்டுக்கட்டிப் பாடுகிறது? வெற்றிதான் அளவுகோல் என்றால் கட்டுரையாளர் முதலில் அந்தப் பாட்டுகளை நிறுத்தச் சொல்லட்டும்.

கடைசியாக, தமிழுக்கு என்ன சம்பந்தம் என்கிறார். படம் உருவானது சென்னையில், ஜெமினி ஸ்டூடியோவில். ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத், பின்னாளில் 'ஏழை படும் பாடு', 'மர்மயோகி' படங்களை இயக்கியவர். லலிதாவும் பத்மினியும் திரையில் முதலில் ஆடியது இந்தப் படத்தில். அதே பத்மினி 1960இல் 'ராஜா தேசிங்கு' படத்தில் நடித்தார். அது யாருடைய கதை என்று செஞ்சிக்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். அல்மோராவில் பரதம் கற்றுக்கொடுத்தவர் பாலசரஸ்வதியின் குருவான கந்தப்பப் பிள்ளை. அதே 1948இல் அதே ஜெமினியிலிருந்து 'சந்திரலேகா' வந்தது. அதன் முரசு நடனத்தை வாய்பிளந்து பார்த்த நாம், பக்கத்துத் தளத்தில் உருவான படத்தை அந்நியம் என்கிறோம். பேச்சு இந்தியாக இருக்கலாம். அந்த உடல்கள் எந்த மொழியில் ஆடின என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

'கல்பனா'வில் குறையே இல்லையா? இருக்கிறது. உபதேசம் அதிகம். உதய் சங்கர் ஆடும்போது இருக்கும் உயிர் வசனம் பேசும்போது இல்லை. நடுவில் தொய்கிறது. இவற்றைச் சொல்லியிருந்தால் கட்டுரையாளரோடு நானும் தலையாட்டியிருப்பேன். அவர் சொன்னது வேறு: கதை இல்லை, வசூல் வராது, ஜனங்களுக்குப் பிடிக்காது. இந்த வாதத்துக்கு அவர் உரிமை கொண்டாட முடியாது. படத்துக்குள் எழுத்தாளனின் கதையைக் கேட்டுவிட்டு அவனைத் திருப்பி அனுப்புகிற தயாரிப்பாளரின் வாதம் அது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று உதய் சங்கர் எழுதிவைத்துவிட்டார். நம் நண்பர் தெரியாமலேயே அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்திருக்கிறார்.

புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக்கொண்டு மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை படத்தை மீட்டெடுத்தது. 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள், தொண்ணூறு வயதைக் கடந்த அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். கானில் காட்டியதைச் செஞ்சியிலும் காட்டலாம். கூத்துக்குக் கூடுகிறவர்களை உட்காரவைத்துப் போடுங்கள். கதை புரிந்ததா இல்லையா என்று அவர்கள் சொல்லட்டும். கட்டுரையாளர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.